இரண்டு சிட்டை எதற்கு?

வேலையில் இருந்த காலத்தில் மின்வெட்டு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். யு.பி.எஸ். கைவிட்டால், லினக்ஸ் கணினி மறுபடி எழுந்ததும் வட்டு முழுவதையும் சோதிக்க உட்கார்ந்துவிடும். வெளியே வரிசை நிற்கும்; பதில் சொல்ல வேண்டியவன் நான்.

2001-இல் லினக்ஸில் சேர்ந்த ஈஎக்ஸ்டி3 அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஸ்டீபன் ட்வீடி உருவாக்கியது. கடையில் முதலில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே முறைதான். கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம் மாறினால், முதலில் ஜர்னலில் எழுதி, முடிந்தது என்று முத்திரை வைக்கும். பிறகுதான் உரிய இடத்தில் எழுதும். நடுவில் மின்சாரம் போனால் ஜர்னலை மட்டும் பார்த்தால் போதும். முத்திரை உள்ளதை ஏற்றும், இல்லாததைத் தள்ளும். (அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்!)

பின்னால் ஈஎக்ஸ்டி4 வந்தது. அதற்காக ஜர்னல் நிரலைப் பிரதியெடுத்து ஜேபிடி2 என்று தனியாக வளர்த்தார்கள். பழைய ஜேபிடியும் கூடவே இருந்தது. ஒரு பிழை தெரிந்தால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். இத்தனைக்கும் புதிய நிரலுக்கே பழைய வட்டைக் கையாளத் தெரியும்! 2015-இல், லினக்ஸ் 4.3-இல், பழைய ஈஎக்ஸ்டி3 நிரலையும் அதன் ஜர்னலையும் நீக்கினார்கள். 20,000 வரிகளுக்கு மேல்.

நியாயம்தான். ஆனாலும் என் பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள் ஓர் ஈஎக்ஸ்டி3 வட்டில் இருந்தன. புதிய லினக்ஸில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று விடாமல் திறந்தது. வட்டை மாற்றவில்லை, அது இன்னும் ஈஎக்ஸ்டி3 தான்.