ரெண்டு பேருக்கு எவ்வளவுண்ணே ஆகும்?

"அண்ணே, ரெண்டு பேருக்கு மாசச் சாமானுக்கு எவ்வளவுண்ணே ஆகும்?"

தம்பி இதைக் கேட்டது இரவு பத்தரை மணிக்கு. சாதி மறுப்புத் திருமணம் செய்த பிள்ளைகளோடு நிற்கிற வேலையில் அந்த நேரத்துக்கு போன் வந்தால் எனக்கு வயிறு கலங்கிவிடும். வீடு தெரிந்துவிட்டது, பெண்ணின் சித்தப்பாவைத் தெருமுனையில் பார்த்தோம் என்கிற மாதிரிதான் வரும். பலசரக்குக் கணக்கு என்றதும் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

பதிவுத் திருமணம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. பையன் நம்ம பிள்ளை. பெண் இடைநிலைச் சாதி. பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன், ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். விலையெல்லாம் நான் இருக்கிற பசுமலைப் பக்கத்து விலை. பையன் டூவீலர் பட்டறையில் வேலை பார்க்கிறான், மாதம் 14,000. பெண் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவள், இன்னும் வேலை கிடைக்கவில்லை. வாடகை 4,500. கரண்டு, சிலிண்டர், போன், பெட்ரோல் எல்லாம் போக 6,500 கையில் நிற்கும். போன மாதம் சாப்பாட்டுச் செலவு மட்டும் 7,200. அப்படியும் கடைசி வாரம் தோசையும் ஊறுகாயும்தான்.

"எங்க தப்பு பண்றோம்னு தெரியலண்ணே" என்றான்.

எங்கள் வீட்டிலும் இப்போது இரண்டே பேர். மகள் விடுதியில் இருக்கிறாள். என் இணையர் வருடக்கணக்காக ஒரு டைரியில் செலவு எழுதி வருகிறார். அதை எடுத்துப் புரட்டி, "நாங்க 4,300-க்குள்ள முடிக்கிறோம் தம்பி, இந்தா குறிச்சுக்கோ" என்று பெருமையாக ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

"அந்தக் கணக்கை அவங்களுக்குச் சொல்லாதீங்க. நமக்கு ரேஷன் கார்டு இருக்கு. உங்கம்மா வருசத்துக்கும் மிளகாய்ப்பொடி அரைச்சு அனுப்புறாங்க, புளி அனுப்புறாங்க. கிரைண்டர் எங்க அண்ணன் சீரா கொடுத்தது. அதையெல்லாம் இந்த டைரியில என்னைக்கு எழுதியிருக்கோம்?"

சிக்கனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி சொந்தபந்தம், மீதி அரசாங்கம். என் சாமர்த்தியம் அதில் ரொம்பக் குறைவு. சொந்தத்தை உதறிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த 4,300 எப்படிப் பொருந்தும்? மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து புதுசாகக் கணக்குப் போட்டோம்.

ரேஷனில் தொடங்கினோம். இரண்டு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 16 கிலோ அரிசி. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய் என்று ஆளுக்கு அரைக் கிலோ. இதே சாமானைப் பலசரக்குக் கடையில் வாங்கினால் குறைந்தது 1,100 ரூபாய் கூட ஆகிறது. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் குடும்ப அட்டையை வைத்துத்தான். ஆக அந்தச் சின்ன அட்டை இல்லாத வீடு மாதம் 2,000 ரூபாய் பள்ளத்திலிருந்து தொடங்குகிறது.

அட்டை இல்லாமல் நாங்கள் போட்ட கணக்கு இது. அரிசி 18 கிலோ, 950. கிரைண்டர் இல்லாததால் கடை மாவு, 450. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து 4 கிலோ, 500. எண்ணெய் 2 லிட்டர், 320. ஆவின் நீல பாக்கெட் தினம் அரை லிட்டர், 600. காய்கறிக்கு 750. மிளகாய், மல்லி, புளி, டீத்தூள், சீனி, உப்பு 550. முட்டை 60, அதற்கு 400. கறியும் மீனும் மாதம் நாலு தடவை, 700. சோப்பு, பவுடர், பெண்ணுக்கு நாப்கின் 350. கூட்டினால் 5,570.

முதல் தடவை நான் முட்டையை முப்பதாகக் குறைத்தேன், பயறைப் பாதியாக்கினேன். 5,120-க்கு வந்தது. இணையர் மறுபடி அறுபதாக்கினார். "குறைக்கிறதை யார் சாப்பிடாம இருப்பான்னு நினைக்கிறீங்க? அந்தப் புள்ளதான்." நான் வாதாடவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகை என்று இருக்கிறது. இரண்டு பேருக்கு மாதம் 5 கிலோ. முட்டை, கறியில் கொஞ்சம் ஈடுகட்டலாம் என்பதால்தான் 4 கிலோவில் நின்றோம். அதற்குக் கீழே போனால் அது சிக்கனம் இல்லை, பட்டினிக்கு வைத்த நல்ல பெயர். 2011-ல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் நகரத்துக்கு ஒரு நாளைக்கு 32 ரூபாய் என்று வறுமைக்கோடு போட்டுக் கொடுத்ததே, அப்படி ஒரு பெயர்தான் அதுவும்.

சரி, 5,570-ல் முடிய வேண்டியது 7,200 ஆனது எப்படி? அதைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அவர்கள் சந்தைக்குப் போவதில்லை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணாநகரில்தான் திறந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காய் என்றால் உழவர் சந்தை, மொத்தச் சாமான் என்றால் கீழமாசி வீதி. ஆனால் சந்தைக்குக் காய் கொண்டுவருகிறவர்களில் பெண்ணின் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். கீழமாசி வீதியில் மாமன் முறை ஒருவர் லோடு இறக்குகிறார். அதனால் இருட்டிய பிறகு தெருமுனைக் கடைக்குப் பையன் மட்டும் போகிறான். தக்காளி கால் கிலோ, எண்ணெய் பாக்கெட் ஐந்து ரூபாய்க்கு, ஷாம்பு ஒரு ரூபாய்க்கு, துவரம்பருப்பு நூறு கிராம். சில்லறையாக வாங்கினால் எல்லாவற்றிலும் விலை ஏறும். பயம் அதிகமான நாட்களில் கடைக்கும் போகாமல் ஹோட்டல் பார்சல். மிச்ச 1,600 அப்படித்தான் போயிருக்கிறது.

"பகல்ல போனா என்ன ஆகப்போகுது" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் துணிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் பட்டப்பகலில் வெட்டப்பட்டார்கள். சாமான் வாங்கப் போவது எல்லோருக்கும் ஒரே மாதிரியான வேலை இல்லை.

உசிலம்பட்டி விமலாதேவி வழக்கில் 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்களைப் பற்றிச் சொன்னது. இவற்றை வைத்துத்தான் நாங்கள் வேலை பார்க்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் உயிரோடு வெளியே கொண்டுவந்து விட்டால் முடிந்தது என்று நாங்களும்தான் நினைத்திருக்கிறோம். பாதுகாப்பு இல்லத்திலிருந்து வாடகை வீட்டுக்குப் போன பிறகு உலை வைப்பது எப்படி என்று எந்த ஆலோசனைக் கூட்டத்திலும் நாங்கள் பேசியதில்லை.

ரேஷன் அட்டைக்கே வருகிறேன். புது அட்டை வாங்க வேண்டுமானால் பழைய அட்டையில் பெயர் நீக்கியிருக்க வேண்டும். பையன் பெயர் கிராமத்தில் அம்மாவின் அட்டையில் இருந்தது. அதில் பதிந்த போன் எண் அவனுடையதே என்பதால் சுலபமாக நீக்கிவிட்டான். பெண்ணின் பெயர் அப்பாவின் அட்டையில். இணையத்தில் உள்ளே போக முயன்றால் ரகசிய எண் அப்பாவின் போனுக்குப் போகும். வெட்டுவேன் என்று சொன்ன மனிதரிடம் "அப்பா, ஓடிபி சொல்லுங்க" என்று கேட்கச் சொல்கிறது நம் கணினி.

நேரில் போனோம். பதிவுச் சான்றிதழ், ஆதார், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தோம். "பொண்ணோட அப்பா கார்டை எடுத்துட்டு வாங்க, நீக்கிடலாம்" என்றார் அலுவலர். கோபமாகச் சொல்லவில்லை, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். பையனுக்கு மட்டுமாவது கொடுங்கள் என்றால், கல்யாணம் ஆனவருக்கு எப்படித் தனி ஆள் அட்டை தருவது என்கிறார். இப்போது நிலைமை என்னவென்றால், அவள் பெயர் அவள் சாப்பிடாத வீட்டு அட்டையில் இருக்கிறது, அவன் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

கலப்புத் திருமணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நிதியுதவியும் 8 கிராம் தங்கமும் தருகிற அரசு இது. அந்த விண்ணப்பத்துக்குச் செல்லுகிற திருமணப் பதிவுச் சான்றிதழ் ரேஷன் அட்டையில் பெயர் நீக்கவும் செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். பெற்றோரின் போனுக்கு எதுவும் போகக்கூடாது, புது முகவரி பழைய அட்டைக்காரர் கண்ணில் படக்கூடாது. கூடுதலாக ஒரு பைசா ஒதுக்க வேண்டியதில்லை. இதைத்தான் மனுவாக எழுதியிருக்கிறோம்.

கணக்கு என்று உட்கார்ந்ததால் இன்னொன்றும் பார்த்தேன். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், இந்திய நகரங்களில் பட்டியல் சாதியினரின் சராசரி மாதச் செலவு தலைக்கு 5,307 ரூபாய். 'மற்றவர்கள்' என்ற வரிசையில் 7,333. நகரத்தில் செலவில் சுமார் 39 சதவீதம் உணவுக்குப் போகிறது. அந்தப் பங்கை அப்படியே இரண்டு பேருக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் 4,140, மறுபக்கம் 5,720. குறைவாக இருப்பவர்கள் உணவுக்குக் கூடுதல் பங்கு கொடுப்பார்கள் என்பதால் இது தோராயம்தான். ஆனாலும் சத்துக் குறையாமல் நாங்கள் போட்ட 5,570 எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

கறிக்குப் போட்ட 700-ல் ஒரு சங்கதி இருக்கிறது. ஆட்டுக்கறி கிலோ 900-ஐத் தொட்டுவிட்டது. மாட்டுக்கறி அதில் பாதி விலைகூட இல்லை. "வாரம் ஒரு தடவை எடுத்துக்கோ, உடம்புக்கு நல்லது" என்று தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அந்தப் பெண் போனை வாங்கி, "அவர் சாப்பிட்டா எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நானே ஆக்கிக்கூடக் கொடுப்பேன். ஜன்னல் தெருவைப் பாத்து இருக்கு" என்றாள். வீட்டுக்காரர் இதுவரை சாதி கேட்கவில்லை. வாசனை போய்ச் சொல்லிவிடும் என்று பயப்படுகிறார்கள். பட்டியலில் பிராய்லர் கோழி என்று எழுதினேன். எழுதும்போது எனக்குக் கேவலமாக இருந்தது.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான். மாதம் ஒரு தடவை நானோ இணையரோ கீழமாசி வீதியில் எங்கள் சாமானோடு அவர்கள் சாமானையும் வாங்கிவிடுகிறோம். காய் வாரம் ஒரு பை, ஒரு தோழர் வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுகிறார். பழைய கிரைண்டர் ஒன்று கிடைத்தது, பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும். இந்த மாதம் இதுவரை 4,100 ஆகியிருக்கிறது, இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம். மனுவோடு போகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பை கொடுத்துவிட்டிருந்தார். நான்தான் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். மகன் பெயரை நீக்கிய பிறகு அந்த அம்மாவின் அட்டைக்கு 12 கிலோ அரிசிதான். அதில் நாலு கிலோ, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்ப்பொடி. பெண்ணிடம் கொடுத்தபோது, "அத்தைக்கு மிச்சம் எவ்வளவுண்ணே இருக்கும்?" என்று கேட்டாள். எட்டு கிலோ என்றேன். அரிசி டப்பாவைத் திறந்து, அளந்துதான் கொட்டினாள்.