நாலு பகுதியும் ஒரு பிரசவ டாக்டரும்

“சோஷியலைக் கொண்டுவந்ததே ஒரு பிரசவ டாக்டர்தான்டா” என்பது என் அத்தை எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லும் கதை. அம்பத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவர். கேட்டவர்கள் சிரிப்பார்கள், யாரும் விசாரித்ததில்லை. எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. மருத்துவருக்கும் மௌரியப் பேரரசுக்கும் என்ன சம்பந்தம்?

கதையில் பாதி உண்மை. 1952 செப்டம்பரில் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டுகள் துணைவேந்தர். தொழிலால் மகப்பேறு மருத்துவர். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று துண்டு துண்டாக நடத்தாமல், பிள்ளை தன் குடும்பத்தையும் ஊரையும் நாட்டையும் புரிந்துகொள்ளும்படி ஒரே பாடமாக நடத்தச் சொன்னது 1953இல் வந்த அவருடைய அறிக்கை.

ஆனால் அவர் அதைப் பெற்றெடுக்கவில்லை, பிரசவம்தான் பார்த்தார். 1916இலேயே அமெரிக்காவில் தேசியக் கல்விச் சங்கத்தின் குழு ஒன்று இதே பெயரில் இதே பாடத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. தலைவர் தாமஸ் ஜெசி ஜோன்ஸ். அதற்கு முன் அவர் பாடம் நடத்திய இடம் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன்; அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1868இல் தொடங்கிய பள்ளி. அங்கே அவர் உருவாக்கிய பாடத்திட்டம், உரிமையைக் கேட்பதைவிடப் பொறுமையாக இருக்கவே கற்றுக்கொடுத்தது என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் குறை சொன்னார்கள். சமுதாயத்தோடு ஒத்துப்போகக் கற்பிப்பதா, அதைக் கேள்வி கேட்கக் கற்பிப்பதா என்ற இழுபறி பாடத்தின் பிறவியிலேயே இருந்திருக்கிறது. பெரிய புதையல் கிடைத்த மிதப்பில் அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை அசையவில்லை. “முதலியாரும் இருக்கட்டும், ஜோன்ஸும் இருக்கட்டும். நான் படிச்சது ஹிஸ்டரி. பருவக்காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு எனக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?”

நான் அமெரிக்காவுக்கு இழுத்தேன்; அவர் ஸ்டாஃப் ரூமுக்கே திரும்பினார். ஹாம்ப்டன் என்றால், “மேப் கேள்விக்கு மட்டும் ஜாக்ரஃபி மிஸ்ஸைத்தான் கூப்பிடணும்” என்பார். அறிக்கையைப் பற்றிக் கேட்டால் காபி வேணுமா என்பார். எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது: பாடம் எங்கே பிறந்தது என்று நான் தேடிக்கொண்டிருக்க, அது எங்கே சிக்கிக்கொண்டது என்பதை அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் பாடத்தின் பெயர் சமூக அறிவியல். பட்டதாரி ஆசிரியர் பணியிடமோ வரலாறு, புவியியல் என்று தனித்தனி. புத்தகமும் ஒரே அட்டைக்குள் நான்கு பகுதிகள். அறிக்கை கேட்ட ஒற்றைப் பாடம் அட்டையோடு நின்றுவிட்டது.

“சரி அத்தை, ஆவடியை எந்தப் பகுதியில வைப்பீங்க?” என்றேன். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அது வரலாறு. கனரகத் தொழிலுக்கு முதலிடம் கொடுத்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அடுத்த ஆண்டே தொடங்கியது. அது பொருளியல். 1960களில் அதே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, பக்கத்து அம்பத்தூரில் தொழிற்பேட்டை. பருத்திப்பட்டு ஏரி புவியியலுக்கு. 2019இல் ஊர் மாநகராட்சியானது குடிமையியலுக்கு.

அத்தை முதல்முறையாகக் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு தடவை அப்படித்தான்டா நடத்தினேன். மாநாடு, டேங்க் ஃபேக்டரி, ஏரி, எல்லாம் ஒரே மூச்சுல. பாதிப் பசங்களோட அப்பா அங்கதான் வேலை. எங்கப்பா வெல்டரு மிஸ், எங்க தாத்தா நிலம் போச்சு மிஸ்னு ஒவ்வொருத்தனா எழுந்திருக்கான். பெல் அடிச்சும் விடல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போர்ஷன் முடியல. எச்.எம். கூப்பிட்டு விட்டாங்க.”