இரைச்சலும் என் பில்லும்

காரில் ஏ.எம். ரேடியோ இரைகிறது என்று யாராவது வந்தால், முதலில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகம் ஏற ஏற 'ஙொய்' என்ற சத்தமும் ஏறினால் ஆல்டர்னேட்டர் பக்கம் போகலாம். 'டக் டக்' என்று துடித்து, வேகத்தோடு நெருங்கி வந்தால் பிளக், பிளக் ஒயர். இன்ஜினை அணைத்த பிறகும் இரைந்தால் இரண்டுமே இல்லை. செட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரியல் ஒயரைப் பிடுங்கியதும் இரைச்சல் போனால், அது ஏரியல் வழியாக வருகிறது. போகாவிட்டால் கரண்ட் ஒயர் வழியாக. காசு செலவில்லாத சோதனைகள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை.

வந்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார். திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ், காரிலும் ஓட வேண்டும் அவருக்கு. "காலைல சுத்தமா கேக்குது தம்பி. சாயந்திரம்தான் ஒரே இரைச்சல்" என்றார். துப்பு முழுக்க அந்தப் பேச்சிலேயே இருந்தது. நான் காதில் வாங்காமல் வாயைத் திறந்தேன்: "பொழுது சாஞ்சா மீடியம் வேவ் அப்படித்தான் சார். பகல்ல வானத்துல ஒரு அடுக்கு அலையை உறிஞ்சிடும். ராத்திரி அது கலைஞ்சதும் வெளியூர் ஸ்டேஷனெல்லாம் வந்து கலக்கும்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் அப்படிக் கலப்பது இன்னொரு நிலையத்தின் பேச்சும் பாட்டும். இவருக்குக் கேட்டதோ ஒரே சீரான 'கொர்ர்'. அந்த வித்தியாசம் புரியாதவன் இல்லை நான். கையில் வேலை குறைவாக இருந்த மாதம் அது. "ஆல்டர்னேட்டரும் போகப் போகுது" என்று சேர்த்துச் சொன்னேன். வாத்தியார் நம்பினார். புதுசு மாட்டி, கண்டென்சர் ஒன்றும் போட்டு, பட்டப்பகலில் ரேடியோவைப் பாட விட்டுக் காட்டிப் பணம் வாங்கினேன்.

பிறகு ஒருநாள் கடையில் எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு ஒன்றை பேட்டரியில் தொட்டுச் சோதித்தேன். மேஜை மேலிருந்த டிரான்சிஸ்டர் 'கொர்ர்' என்றது. ஒயரை எடுத்தேன், நின்றது. மறுபடி தொட்டேன், இரைந்தது. பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருகிறது. அந்த வெட்டு மீடியம் வேவில் போய் விழும். மலிவுப் பல்பில் அதைத் தடுக்க ஃபில்டர் வைத்திருக்க மாட்டார்கள். வாத்தியார் சாயந்திரம் ஹெட்லைட் போட்டு ஓட்டுகிறவர். அவர் காரில் இதே பல்பை விற்று மாட்டியது நான்தான்.

இரைச்சல் நிற்கவில்லை என்று அவர் திரும்ப வந்தபோது பழைய ஹாலஜன் பல்பையே மாட்டிக் கொடுத்து, "எர்த் ஒயர் லூசா இருந்துச்சு சார்" என்றேன். பல்புக் காசையும் திருப்பித் தரவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றிய ஆல்டர்னேட்டரில் பழுது எதுவுமில்லை. அதை இன்னொரு வண்டியில் மாட்டி அதற்கும் காசு வாங்கினேன்.