பழக்கம் ஏதும் உண்டா?

ஆண் நோயாளியிடம் நம் ஊர் டாக்டர்கள் ‘பழக்கம் ஏதும் உண்டா?’ என்று கேட்பார்கள். குடியா புகையா என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே கேள்வி பெண்ணிடம் வரும்போது பதிலையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். சில வருடங்களுக்கு முன் எனக்குக் கர்ப்பப்பைக் கட்டியை எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “ஸ்மோக்கிங், ட்ரிங்க்ஸ் எல்லாம் கிடையாதுல்லம்மா?” என்றார். “ஸ்மோக்கிங் உண்டு. ஒரு நாளைக்குப் பத்து” என்றேன். அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார்.

எம்.ஃபில். படிக்கும்போது, இருபத்திரண்டு வயதில் தொடங்கியது. அதற்காக இங்கே யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நாற்பத்துநான்கில், மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏறினால் மூச்சு அடங்கும்வரை வருகைப்பதிவை இழுத்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. நிறுத்த நினைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான், ஞானோதயம் எதுவுமில்லை.

என் அம்மா தென்காசிப் பக்கம் பீடி சுற்றியவர். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய கூலியில்தான் நான் படித்தேன். அவர் விரலிலும் சேலையிலும் எந்நேரமும் புகையிலை வாசம். அந்த வாசத்தை யாரும் ஒழுக்கத்தோடு சேர்த்துப் பேசியதில்லை. பெண் புகையிலையைத் தொடலாம், நாள் முழுக்க அதன் தூளை மூச்சில் இழுக்கலாம், பற்றவைக்க மட்டும் கூடாது. ஊரில் சுருட்டுப் பிடித்த கிழவிகள் இருந்தார்கள். அவர்களைப் பெண் என்ற கணக்கிலிருந்து எப்போதோ கழித்துவிட்டிருந்தார்கள்.

நிகோடின் சூயிங்கத்தை வைத்து இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் மூன்றாவது வாரத்தில், வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல் எதற்கென்று தெரியாத துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகுதான் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன், தனியாக. அவர் எழுதியது புப்ரோப்பியான். மனச்சோர்வுக்கான மாத்திரை.

“எனக்கு டிப்ரெஷன் இல்லையே டாக்டர்?”

“தெரியும். இது சிகரெட்டுக்கு.”

1969இல் அமெரிக்காவில் நரிமன் மேத்தா என்ற வேதியியலாளர் உருவாக்கியது இந்த மருந்து. 1985இல் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்று, மறு வருடமே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. சாப்பிட்டதை வலிய வாந்தியெடுக்கும் புலிமியா நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது சிலருக்கு வலிப்பு வந்திருந்தது. அளவைக் குறைத்து 1989இல் மறுபடி வந்தது. கலிஃபோர்னியாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த லிண்டா ஃபெர்ரி என்ற டாக்டர், இதைச் சாப்பிடுகிறவர்களுக்குப் புகைக்கும் ஆசை குறைவதைக் கவனித்தார். 1997இல் புகையை நிறுத்தும் மருந்தாகவும் அங்கே அனுமதி கிடைத்தது. மூளையில் டோபமைனும் நோர்அட்ரினலினும் சட்டென்று வடிந்துவிடாமல் பிடித்து வைக்கிறது, நிகோடின் போய் ஒட்டும் இடங்களையும் ஓரளவு அடைக்கிறது என்று டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்.

அந்தப் பழைய வலிப்புக் கதையால்தான் அவருடைய கேள்விகள் நீண்டுகொண்டே போயின. சின்ன வயதில் வலிப்பு வந்ததா? தலையில் அடிபட்டதா, யாராவது அடித்தார்களா? சாப்பிட்டபின் விரலை விட்டு வாந்தியெடுப்பீர்களா, பட்டினி கிடப்பீர்களா? தினமும் குடித்து இப்போது திடீரென்று நிறுத்தியிருக்கிறீர்களா? தூக்க மாத்திரை? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? மார்பகப் புற்றுக்கு டாமாக்சிஃபென் சாப்பிடுகிறீர்களா (அதன் வேலையை இது கெடுக்கும்)? சாகலாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறைத்தது. பெண் பிள்ளைகளுக்கு வெளியே சொல்லாதே என்று நாம் சொல்லி வளர்க்கும் பட்டியல் இதுதான், ஏறக்குறைய இதே வரிசையில். வலிப்பு நோய் 1999 வரை இந்து திருமணச் சட்டத்திலேயே திருமணத்துக்குத் தடையாக இருந்தது. சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று, பெண் பார்க்க வருகிற வீட்டிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் உறவில் ஒருத்தி கல்யாணமான நாளிலிருந்து வலிப்பு மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துத் தின்கிறாள். அவளைப் போன்ற ஒருத்தி, மாமியாரைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துக்கொண்டு, அடுத்த டோக்கன்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கும் அறையில், இந்தக் கேள்விகளுக்கு என்ன சொல்வாள்? ‘இல்லை’ என்பாள். அந்த ‘இல்லை’யை நம்பி டாக்டர் மாத்திரை எழுதுவார். மருந்தைவிட எனக்கு அந்த அறையைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்த தம்பி குரலைத் தாழ்த்தினான். “மேடம், இது மனசுக்குக் குடுக்கிறது. மாத்தி எழுதிட்டாங்களா?” “சிகரெட்டை விடுறதுக்குத் தம்பி” என்றேன், குரலைத் தாழ்த்தாமல். பைத்தியமா, சிகரெட்டா, இரண்டில் எது பெரிய அவமானம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நாப்கின் மாதிரியே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான்.

முதல் மூன்று நாள் காலையில் ஒரு மாத்திரை, 150 மில்லிகிராம். பிறகு இரண்டு, நடுவே குறைந்தது எட்டு மணி நேரம் விட்டு. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் வாரம் புகைத்துக்கொண்டே சாப்பிடலாம், இரண்டாவது வாரத்தில் நிறுத்தும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அனுமதியோடு சிகரெட் பிடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு வாரம்தான். ஒன்பதாம் நாள் மாடியில் பற்றவைத்தபோது காகிதம் எரிவதுபோல் இருந்தது. கோபமோ அருவருப்போ இல்லை. அது எனக்கு அக்கறையில்லாத விஷயமாகியிருந்தது. பதினோராம் நாளோடு விட்டேன்.

சுகமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். வாய் உலர்ந்தது. வகுப்பில் குறுந்தொகை நடத்தும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் வந்ததுதான். இரண்டாவது மாத்திரையை மதியத்துக்கு மேல் தள்ளாமல் பார்த்துக்கொண்டதில் அது கொஞ்சம் சரியாயிற்று. மனம் இருண்டால் உடனே கூப்பிடுங்கள், உங்களைக் கவனிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோழி ஒருத்தி தினமும் ராத்திரி போன் செய்து, “எப்படி இருக்கே? பொய் சொல்லாதே” என்பாள். இந்த மருந்து மனநிலையைக் குலைக்கலாம் என்று 2009இல் அமெரிக்காவில் கடுமையான எச்சரிக்கை போட்டார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வுக்குப் பின் 2016இல் புகை நிறுத்தம் தொடர்பான அந்த எச்சரிக்கையைத் தளர்த்தினார்கள். ஆனாலும் அவளுடைய போன் எனக்கு வேண்டியிருந்தது. பன்னிரண்டு வாரத்தில் மாத்திரையும் முடிந்தது.

துறையில் ஒரு பேராசிரியர், “திருந்திட்டீங்க போல” என்றார். அந்தச் சொல்தான் எரிச்சல். 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டோடு நடக்க வைத்து அதை விடுதலை என்று விற்றது ஒரு புகையிலைக் கம்பெனி. அந்த விடுதலையையும் நான் வாங்கவில்லை, இவருடைய திருந்தலும் எனக்கு வேண்டாம். மூச்சு வேண்டியிருந்தது, மருந்து சாப்பிட்டேன்.

போன பருவத்தில் முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்து தயங்கி நின்றாள். விடுதியில் பழகியதாம், விட முடியவில்லையாம். “உங்க மாத்திரை மீதி இருக்கா மேம்?”

“சின்ன வயசுல ஃபிட்ஸ் ஏதும் வந்திருக்கா?”

வெகுநேரம் தரையைப் பார்த்தாள். “ரெண்டு தடவை. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வீட்ல…”

இந்த மாத்திரை அவளுக்கு ஆகாது என்றேன். சூயிங்கம் இருக்கிறது, வேறு வழிகள் இருக்கின்றன, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, ஆனால் முதலில் டாக்டரைப் பார் என்றேன்.

“டாக்டர் எங்க வீட்ல சொல்லிடுவாங்களா மேம்?”

2017ஆம் வருட மனநலச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது என்று விளக்கினேன். அவள் முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை நானும் கூடப் போனேன், கதவு வரைக்கும். உள்ளே அவள் தனியாகப் போனாள். வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று.