ஆடாமல் பயிலும் ஆட்டம்



எனக்குச் சதுரங்கம் மிகவும் பிடிக்கும். ஆனால், சதுரங்கம் ஆடுவது அவ்வளவாகப் பிடிக்காது. இதைக் கேட்டால் பலரும் சிரிக்கின்றனர். புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கட்டங்கள் பதித்த மேசை ஒன்று உண்டு. முதியவர்கள் ஆடும்போது நின்று பார்ப்பேன். "வாங்க, ஓர் ஆட்டம்" என்று அழைத்தால் நழுவிவிடுவேன். இரவில் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தி முடித்தபின், ஒரு சதுரங்கப் புதிரோடு அரை மணி நேரம் தனித்திருப்பதே எனக்கு இன்பம்.

அப்படியென்ன இன்பம் என்கிறீர்களா? ரிச்சர்ட் ரேட்டி என்பவர் 1921-இல் அமைத்த புதிர் ஒன்றைச் சொல்கிறேன். பலகையில் நான்கே காய்கள்: இரு ராஜாக்கள், இரு சிப்பாய்கள். கறுப்புச் சிப்பாய் ராணியாக மாற ஓடுகிறது. வெள்ளை ராஜா மூலையில், அதற்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறார். வெள்ளைச் சிப்பாயோ கறுப்பு ராஜாவின் பிடியில் சிக்கும் நிலை. பார்த்தால் வெள்ளைக்குத் தோல்வி உறுதி. ஆனால், வெள்ளை ராஜா நேராக ஓடாமல் மூலைவிட்டமாக நடக்கிறார். மூலையிலிருந்து நேர்கீழே ஆறு கட்டம் இறங்க ஆறு நகர்வுகள் வேண்டும். நடுப்பலகை வரை குறுக்கே சென்று, மீண்டும் குறுக்கே திரும்பி அதே கட்டத்தை அடைந்தாலும் ஆறே நகர்வுகள்தாம்! எனவே ஒரே நடையில் எதிரிச் சிப்பாயைத் துரத்தவும், தன் சிப்பாய்க்குத் துணையாகவும் அவரால் இயலுகிறது. ஆட்டம் சமனாகிறது. இதை முதன்முதலில் உணர்ந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சீட்டாட்டத்திலும் இவ்வகைப் பயிற்சி உண்டு. பணம் வைத்து ஆடும் போக்கரை நான் பரிந்துரைக்கவில்லை. ஆயினும், கணித மேதை ஜான் வான் நியூமன், மோர்கன்ஸ்டெர்னுடன் 1944-இல் வெளியிட்ட நூலில், போக்கரின் எளிய வடிவம் ஒன்றை ஆராய்ந்து, மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு இருப்பதாகப் பாவனை செய்வதும் கணக்கிற்குட்பட்ட உத்தியே என்று காட்டினார். அவரை உலகம் நினைவுகூர்வது மேசையில் வென்ற பணத்திற்காக அன்று.

இதனால் ஆடுவோரைவிடப் பயில்வோர் உயர்ந்தவர் என்று சொல்ல வரவில்லை. 2024 நவம்பர், டிசம்பர் மாதங்களில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி நம் செந்தோசாவில் நடைபெற்றது. டிசம்பர் 12 அன்று பதினான்காம் ஆட்டம். சமனாகியிருந்தால் மறுநாள் விரைவாட்டங்களில் முடிவாகியிருக்கும். 55-ஆம் நகர்வில் டிங் லிரென் தம் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் வெளியேறியதும் மந்திரிகளையும் மாற்றிவிடும் வாய்ப்புக் குகேஷுக்குக் கிட்டியது. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த அவருக்கு அதன்பின் வெற்றி உறுதி. சென்னையில் பிறந்த பதினெட்டு வயது இளைஞர் 7.5–6.5 என்ற கணக்கில் உலக வெற்றியாளரானார். கணினித் துணையுடன் வீட்டில் இருந்த என்போன்றோர்க்கு டிங்கின் பிழை நொடியில் தெரிந்தது. மணிக்கணக்கில் மேசையில் அமர்ந்து, களைப்போடும் கடிகாரத்தோடும் போராடியவர்க்கே அந்நகர்வின் கனம் தெரியும். அத்துணிவு வேறு, புரிந்துகொள்ளும் மகிழ்ச்சி வேறு. இரண்டும் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை.

இதை எழுதக் காரணம் என் மாணவி ஒருத்தி. தொடக்கநிலை நான்கில் பயின்றவள். சில போட்டிகளுக்குச் சென்று, கடிகாரத்தைக் கண்டு கலங்கி, இனிப் போகமாட்டேன் என்றுவிட்டாள். ஆனால், புதிர்ப் புத்தகத்தை மட்டும் விடவில்லை. அவள் தந்தை என்னிடம் கேட்டார்: "போட்டிக்கே போகாதவளுக்கு இந்தப் புத்தகம் எதற்குங்க? நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு எதைக் காட்டுவது?"

அவருடைய கவலை நியாயமானது. ஆயினும், நான் கண்டதை அவரிடம் சொன்னேன். வாய்மொழிப் பயிற்சியில் இரண்டு வாக்கியத்திற்கு மேல் தமிழில் பேசத் தயங்குகிறவள், ஓய்வு நேரத்தில் தோழிக்குப் புதிரை விளக்கும்போது, "ராஜா இந்தப் பக்கம் போனா சிப்பாய் தப்பிச்சிரும், அதனால முதல்ல இங்க வரணும்" என்று தங்குதடையின்றிப் பேசினாள். காரணம், விளைவு, வரிசை, முடிவு எல்லாம் அப்பேச்சில் இருந்தன. நான் பாடத்திட்டப்படி கற்பிக்க முயன்றதும் அவற்றைத்தான்.

தந்தை முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆண்டு இறுதி வரை புத்தகம் அவளிடமே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். அது போதும் என்று விடைபெற்றேன்.

பிள்ளைகள் விரும்பும் ஒவ்வொன்றையும் கோப்பையாக மாற்றித் தருமாறு நாம் கேட்கிறோம். கோப்பை வராதபோது விருப்பத்தையே பிடுங்கிவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஆடாமல் பயில்கிற பிள்ளை இருக்கலாம். "வென்றாயா?" என்று கேட்குமுன், "இன்று என்ன கண்டுபிடித்தாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வந்தால், பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்.