பூட்டுவதும் அவிழ்ப்பதும்



ஒரு செயலைத் தொடங்கும் முறையை நாம் ஆர்வத்துடன் கற்றுக்கொள்கிறோம். அதை முடிக்கும் முறையைக் கற்க அத்தனை ஆர்வம் காட்டுவதில்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் ஏற்றிச் சென்ற மாட்டு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். மாட்டை வண்டியில் பூட்டுவது சிறுவனுக்கும் கைவந்துவிடும். அவிழ்ப்பதில்தான் பக்குவம் இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டிக்கு முட்டுக் கொடுக்காமல் மாட்டை நுகத்தடியிலிருந்து விலக்கினால் வண்டி சாயும். மாட்டுக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

அந்த வண்டிகள் இன்று அருகிவிட்டன. ஆனால் பூட்டுவதும் அவிழ்ப்பதும் வேறோர் உருவில் நம் வாசலுக்கு வந்திருக்கின்றன. மின்சாரக் காரைத்தான் சொல்கிறேன். இரவில் அதனுடன் சார்ஜர் கேபிளை இணைக்கிறோம், காலையில் கழற்றுகிறோம். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆசிரியனுக்கு, அதுவும் கல்லூரியில் கலைப்பிரிவு படித்தவனுக்கு, இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய செய்தியாயின் நான் எழுத முன்வந்திருக்க மாட்டேன். இது நம் வீட்டுச் செய்தி.

மின்சாரக் கார் நம் நாட்டில் நேற்று முளைத்ததன்று. 2001ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் 'ரேவா' என்னும் சின்னஞ்சிறு கார் விற்பனைக்கு வந்துவிட்டது. அன்று அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தவர்களே அதிகம். 2019இல் தமிழ்நாடு அரசு மின்வாகனங்களுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2020 ஜனவரியில் டாட்டா நிறுவனத்தின் நெக்சான் மின்சாரக் கார் சந்தைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை நம் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. ஆக, இன்று தெருவில் ஒரு வீட்டு வாசலில் நிற்பது நாளை பல வீட்டு வாசல்களில் நிற்கும்.

எங்கள் பள்ளத்தாக்கு மின்சாரத்துக்குப் புதியதன்று. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தமிழகப் பக்கம் வந்து, லோயர்கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரத்தைத் தந்துவிட்டு வயல்களுக்குப் பாய்கிறது. தேனிச் சுற்றுவட்டாரத்தில் கணவாய்க் காற்றை நம்பிக் காற்றாலைகள் நிற்கின்றன. மின்சாரம் இங்கே பழகிய பொருள். பழகாதது, அதைக் காரிலிருந்து முறையாக விலக்கும் பழக்கம் ஒன்றுதான்.

உத்தமபாளையத்தில் என் தங்கை வீட்டில் ஒருநாள் நடந்ததைச் சொன்னால் இதன் அவசியம் விளங்கும். தங்கையின் கணவர் துபாயில் பணிபுரிகிறார். விடுமுறையில் வந்தபோது மின்சாரக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சென்றார். அன்றிரவு நானும் அவ்வீட்டில் தங்கியிருந்தேன். சுபுஹு நேரத்திற்குச் சற்று முன்பு தங்கையின் மாமியாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. க.விலக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதென முடிவாயிற்று. கார் ஓட்டத் தெரிந்த பக்கத்து வீட்டு இளைஞர் ஓடி வந்தார். மாமியைத் தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஆனால் காரில் மாட்டியிருந்த சார்ஜர் கழலவில்லை.

அந்த இளைஞர் இரு கைகளாலும் பற்றி இழுத்தார். அசையவில்லை. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தோம். அப்போதும் அசையவில்லை. தங்கை துபாய்க்குத் தொலைபேசினாள். இங்கே ஐந்து மணியென்றால் அங்கே மூன்றரை மணி. உறங்கும் மனிதர் எப்படி எடுப்பார்? மாமி திண்ணையில் அமர்ந்து மூச்சுக்குப் போராடிக் கொண்டிருந்தார்கள். காரை ஆட்டி அசைத்துப் பார்க்கலாமா, கம்பியையே வெட்டிவிடலாமா என்று ஆளுக்கொன்றாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள் உள்ளிருந்து சாவியுடன் வந்தாள். "மாமா, கார் பூட்டியிருக்குல்ல? அதைத் திறந்தாத்தான் இதுவும் விடும்" என்றாள். சாவியிலுள்ள பொத்தானை அழுத்தினாள். 'டக்'கென்று ஒரு சிறு ஓசை. ஒரு கையால் பிடித்து நேராக இழுத்தாள், வந்துவிட்டது. விடுமுறையில் அத்தா செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அல்லாஹ்வின் கிருபையால் மாமி மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பினார்கள்.

வாசகர்களே! அன்று வீணானது பத்து நிமிடந்தான். ஆனால் நம் வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாங்கியவர் கடல் கடந்து இருப்பார். பொருள் வீட்டில் இருக்கும். அதை நித்தமும் கையாள்பவர் தாயாகவோ மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். கியாஸ் சிலிண்டரின் வால்வை மூடத் தெரியாத பெண் நம் வீடுகளில் இல்லை. அதுபோலவே இதுவும் வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

சார்ஜர் ஏன் இழுத்தவுடன் வருவதில்லை? அது பழுதன்று, பாதுகாப்பு. மின்னேற்றத்தின்போது காரின் பக்கத்திலிருந்து ஒரு சிறு தாழ்ப்பாள் சார்ஜரின் தலைப்பகுதியைப் பற்றிக்கொள்கிறது. ஓடும் மின்சாரத்தை இடையில் பிடுங்கினால் தீப்பொறி எழும்; இணைப்பு முனைகள் கருகும்; கையாள்பவருக்கும் ஆபத்து. அதைத் தடுக்கவே இந்தத் தாழ்ப்பாள். தெருவில் போகிற எவரும் பிடுங்கிச் செல்லாமல் இருப்பதற்காக, கார் பூட்டியிருக்கும்வரை பல கார்களில் இத்தாழ்ப்பாளும் பூட்டியே இருக்கும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் கார்த் திரையிலோ கைப்பேசிச் செயலியிலோ மின்னேற்றத்தை நிறுத்த வேண்டும். அடுத்துக் காரின் பூட்டைத் திறக்க வேண்டும். அதன்பின் கைப்பிடியைப் பற்றி நேராக இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுப்பது கூடாது. பிறகு காரிலுள்ள மூடியை மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, கம்பியைச் சுருட்டி மாட்ட வேண்டும். காருக்குக் கார் சிறு வேறுபாடுகள் உண்டு. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால் விடுவிக்கும் அவசரக் கயிறு சில கார்களில் உண்டு. அது எங்கிருக்கிறது என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் மின்சாரம் பாயும்போது அக்கயிற்றைத் தொடலாகாது.

இந்தச் சார்ஜரின் உட்புற அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. நம் வீட்டு மூன்றுமுனை பிளக்கைப் பார்த்திருப்பீர்கள். மேலே உள்ள முனை மற்ற இரண்டையும்விடப் பருமனும் நீளமும் கொண்டது. அது நிலத்துடன் இணைக்கும் எர்த் முனை. சொருகும்போது அது முதலில் சேர்கிறது; பிடுங்கும்போது கடைசியில் விலகுகிறது. இன்று நம் கார்களில் பரவலாக உள்ள இணைப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. அதனுடன், காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் குறுமுனை ஒன்றும் இருக்கிறது. கழற்றும்போது அது முதலில் விலகி, 'பிரியப் போகிறோம், மின்சாரத்தை நிறுத்து' என்று அறிவித்துவிடுகிறது. காவலாக வந்தது கடைசிவரை நின்று, மற்றவை பாதுகாப்பாக விலகியபின் விலகுகிறது. குடும்பத்துப் பெரியவர்களின் இயல்பும் இதுவன்றோ!

முறையைப் பற்றிச் சொன்னேன். கழற்றும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் 30 யூனிட் கொள்ளும் மின்கலத்தை 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் வீதம் நிரப்பினால் 10 மணி நேரம் பிடிக்கும். அதனால் வெளியூர் செல்வோர் நெடுஞ்சாலையிலுள்ள விரைவுச் சார்ஜர்களை நாடுகின்றனர். அங்கே நூற்றில் எண்பது பங்கு வரை வேகமாக நிரம்பும்; அதன்பின் மின்கலத்தின் நலம் கருதிக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சிய இருபது பங்குக்காகக் காத்திருப்பவர் தம் நேரத்தை மட்டுமா செலவிடுகிறார்? பின்னால் நிற்பவரின் நேரத்தையும் சேர்த்தே செலவிடுகிறார்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் வாகனங்களால் தேனி–கம்பம்–குமுளி சாலை நிறைந்து வழிவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அக்காலத்தில் ஒருவர் காரைச் சார்ஜரில் மாட்டிவிட்டு, நிரம்பிய பின்னும் உணவகத்தில் உரையாடிக்கொண்டிருந்தால், வெயிலில் பிள்ளைகளுடன் காத்திருப்பவர் யாரிடம் முறையிடுவார்? இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம், நிரம்பிய பின்னும் கழற்றாமல் நிற்கும் கார்களுக்குத் தனிக் கட்டணம் விதிக்கும் முறையை 2016 டிசம்பரிலேயே கொண்டுவர நேர்ந்தது. கட்டணம் விதித்தால்தான் பிறர் உரிமை நம் கண்ணில் படுமா?

மலையிலிருந்து இறங்குவோருக்கு இன்னுமொரு செய்தி உண்டு. மின்சாரக் கார் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது, சக்கரங்களின் சுழற்சியையே மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் மின்கலம் விளிம்புவரை நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்கு இடமிராது. வேகத்தைத் தணிக்கும் அந்த உதவியும் பெரிதும் குறைந்துவிடும். எனவே குமுளியில் சார்ஜ் செய்துகொண்டு லோயர்கேம்புக்கு இறங்குபவர், முழுவதும் நிரம்புமுன் கழற்றிக்கொள்வதே அறிவுடைமை. சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டவருக்கு மலைப்பாதையே மீதியில் ஒரு பங்கைத் தந்துவிடும். பின்னால் நிற்பவருக்கும் இடம் விரைவில் கிடைக்கும்.

கழற்றிய கம்பியைத் தரையில் போட்டுவிட்டுப் போவோரும் உண்டு. அடுத்த வண்டி அதன்மேல் ஏறும். முதியவர் கால் தடுக்கும். நடைபாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதன் சிறப்பை நம் பிள்ளைகள் மக்தபிலேயே கற்கின்றனர். நாமே ஓர் இடரைப் போட்டுவிட்டு நகரலாமா? எடுத்த இடத்தில் மாட்டிவிட்டு வர அரை நிமிடம் போதும்.

எனவே அன்பர்களே, வீட்டுக்கு மின்சாரக் கார் வந்தால், ஓட்டக் கற்கும் முன்பே கழற்றக் கற்றுக்கொடுங்கள். ஒரு விடுமுறை நாளில் வீட்டிலுள்ள அனைவரையும் வாசலுக்கு அழைத்து, ஒவ்வொருவர் கையாலும் ஒருமுறை மாட்டிக் கழற்றச் செய்யுங்கள். சாவி எங்கே தொங்குகிறது என்பதைப் பாட்டிக்கும் காட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள், அடுத்த விடுப்பில் வரும்போது இந்தப் பத்து நிமிடப் பாடத்தை மறவாமல் நடத்துங்கள்.