இரண்டு நிமிட மேகம்

ஐப்பசி கடைசி வாரம். காலையில் பெய்த மழை நார்த்தாமலைப் பாறையில் இன்னும் காயவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேலமலை ஏறினேன். முன்னால் ஸ்டாண்டும் தோள்பையுமாகப் போனவர் புதுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இளைஞர். முகூர்த்த நாளில் கல்யாண வீடு, மற்ற நாளில் இந்த மலை.

குடைவரை வாசலில் நின்றால் எதிரே விஜயாலய சோழீச்சரம். ஒன்பதாம் நூற்றாண்டில் முத்தரையர் எடுப்பித்த கற்றளி. மழையில் சிதைந்து மறுபடி கட்டப்பட்டதாகக் கல்வெட்டே சொல்கிறது. சன்னிதி மேற்குப் பார்த்தது. "அதுதான் சார் வசதி. இந்தப் பருவத்துல மேகம் விமானத்துக்குப் பின்னாலேருந்து நம்மளப் பார்த்து வரும்" என்றார். தொல்லியல் துறை அனுமதிக் கடிதத்தைக் காவலரிடம் காட்டிய பிறகே ஸ்டாண்டை விரித்தார்.

முதலில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றினார். மீட்டர் 1/8 வினாடி காட்டியது. பிறகு பையிலிருந்து வந்தது 'டென் ஸ்டாப்' என்.டி. ஃபில்டர். கறுப்புக் கண்ணாடி, கண்ணில் வைத்தால் கோயிலே தெரியவில்லை. ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைப் பாதியாக்கும். பத்து முறை பாதியானால் மிஞ்சுவது 1,024-இல் ஒரு பங்கு. ஆக, 1/8 வினாடிக்குப் பதில் 128 வினாடி திறந்து வைக்க வேண்டும். வியூஃபைண்டர் வழியே வெளிச்சம் நுழையாமல் கறுப்பு டேப் ஒட்டினார். காற்றுக்கு ஆடாதிருக்க ஸ்டாண்டின் நடுவில் பையைத் தொங்கவிட்டார்.

முதல் படம் போயிற்று. ஃபில்டரைத் திருகியபோது லென்ஸ் வளையமும் ஒரு நூல் நகர்ந்திருக்கிறது. "இதுக்குத்தான் டேப்பு" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, வளையத்தையும் ஒட்டினார்.

1858-இல் புதுக்கோட்டைப் படத்தொகுப்பை வெளியிட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை அரசின் புகைப்படக்காரர். அவருடைய மெழுகுக் காகித நெகட்டிவுக்கு எந்த வெளிச்சமும் போதாது. நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அப்படியும் வானம் வெறிச்சென்றுதான் விழும். சில நெகட்டிவ்களில் மேகத்தைத் தன் கையாலேயே தீட்டினார். அவர் தவிர்க்க முடியாமல் சுமந்த தாமதத்தை இந்த இளைஞர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், மேகத்துக்காகவே.

இரண்டாவது முறை பட்டனை அழுத்தியதும் நாலைந்து சிறுவர்கள் கோயிலைச் சுற்றி ஓடினார்கள். நான் பதறினேன். "ஓடட்டும் சார், விழ மாட்டாங்க" என்றார். வாசல் படியில் ஒரு பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் படம் வந்தது. விமானத்துக்கு மேலே, மூன்று விரலால் இழுத்த விபூதிபோல மேகம். சிறுவர்கள் ஒருவரும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தோம். படியில் பாட்டி இருந்தார். வெற்றிலை மடித்த கை மட்டும் புகையாகக் கலைந்திருந்தது.